சிம்ஷியன் தலைவரின் பெயர் யாருக்குச் சொந்தம்?

ஒருவர் கேட்டிருந்தார்: "கனடாவின் மேற்குக் கரையில் வாழும் சிம்ஷியன் மக்களுக்கு எழுத்து இல்லை, நீதிமன்றம் இல்லை, போலீஸ் இல்லை. அப்படியிருக்க அவர்களுக்குப் பாரம்பரியச் சட்டம் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தலைவர் வைத்ததுதானே சட்டமாக இருந்திருக்கும்?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தலைவர் வைத்தது சட்டம் இல்லை. தலைவர் என்று பெயர் வாங்கியவரின் கையை இவ்வளவு இறுக்கிக் கட்டிப்போட்ட ஏற்பாட்டை நான் வேறெங்கும் அதிகம் படித்ததில்லை. அவர் உட்காரும் இடம், வீட்டு முன்னால் நிற்கும் சின்னம் செதுக்கிய மரக்கம்பம், மீன் பிடிக்கும் ஆறு, ஏன், அவரை எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெயர்கூட அவருக்குச் சொந்தமில்லை. எல்லாம் முன்னால் இருந்தவர் விட்டுப்போனவை. பின்னால் வருபவரிடம் குறையாமல் ஒப்படைக்க வேண்டியவை. ஒப்படைக்கும்வரை அவற்றைக் காப்பதுதான் அவர் வேலை.

இடத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் கடற்கரையின் வடகோடியில், அலாஸ்கா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, ஸ்கீனா என்ற பெரிய ஆறு பசிபிக்கில் கலக்கிறது. அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதையொட்டிய தீவுகளும் கடற்கழிகளும் சிம்ஷியன் நாடு. பெயருக்கே 'ஸ்கீனாவுக்குள் இருப்பவர்கள்' என்றுதான் பொருள். லாக்ஸ் குவாலாம்ஸ், மெட்லகட்லா, கிட்காட்லா, ஹார்ட்லி பே, கிட்சும்கேலம், கிட்சிலாஸ் ஆகியவை இன்றும் அவர்கள் வாழும் ஊர்கள். அவர்கள் மொழி ஸ்மால்கியாக். அதன் ஒலிகள் நம் எழுத்தில் முழுதாகப் பிடிபடாது, முடிந்தவரை நெருக்கமாக எழுதுகிறேன்.

சட்டத்துக்கு அவர்கள் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது: அயாவ்க். அது தனியாக நிற்பதில்லை, அதாவ்க் என்ற இன்னொன்றின்மேல் நிற்கிறது. அதாவ்க் என்றால் ஒரு குடும்பத்தின் வாய்மொழி வரலாறு. நம் முன்னோர் எங்கிருந்து கிளம்பினார்கள், எந்த வெள்ளத்தில் அல்லது எந்தப் போரில் இடம் பெயர்ந்தார்கள், எந்த ஆற்றங்கரையில் யார் அனுமதியோடு குடியேறினார்கள், அங்கே என்ன அபூர்வத்தைச் சந்தித்து எந்தச் சின்னத்தைப் பெற்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்திரம், வரைபடம், வம்சாவளி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வரலாறுகளுக்கு உடைமையாளர் உண்டு. ஒரு குடும்பத்தின் அதாவ்க்கை இன்னொரு குடும்பத்துக்காரர் சபையில் எழுந்து தன்னுடையதுபோலச் சொன்னால் அது திருட்டு. நிலத்தைத் திருடுவதற்கு அது சமம், ஏனென்றால் நிலத்தின் உரிமை அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலமுறை பதிவாகிப் பொதுவில் இருப்பது, ஆனாலும் எனக்குச் சொந்தமானது அல்ல என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். ஸ்கீனாவின் மேல்பகுதியில் டெம்லஹாம் என்றொரு பழைய ஊர். பல குடும்பங்கள் தங்கள் மூலத்தை அங்கே வைக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் வேண்டியதற்கு மேல் மலையாடுகளைக் கொன்றார்கள், எலும்புகளை மதிக்காமல் எறிந்தார்கள். பிடித்துவந்த ஒரு குட்டியைச் சிறுவர்கள் தண்ணீரில் தள்ளித் தள்ளி விளையாடினார்கள். ஓர் இளைஞன் மட்டும் மனம் பொறுக்காமல் குட்டியைத் தூக்கித் துடைத்து, முகத்தில் செம்மண் பூசி, காட்டுக்குள் விட்டான். பிறகு அந்நியர்கள் சிலர் வந்து ஊரையே மலைமேல் விருந்துக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் மனித உருவில் வந்த ஆடுகள். விருந்தில் ஒற்றைக் கொம்பு ஆடு ஆட ஆட மலைச்சரிவு இடிந்து விழுந்து அத்தனை பேரும் மடிந்தார்கள். குட்டியைக் காப்பாற்றியவனை மட்டும் ஒருவர் பாதுகாப்பான தூணருகே உட்காரவைத்திருந்தார், அவன் பிழைத்து இறங்கி வந்தான்.

இதைக் குழந்தைக் கதை என்று ஒதுக்கினால் விஷயம் நழுவிவிடும். தேவைக்கு மேல் கொல்லாதே, உயிரை வதைக்காதே, எலும்பை உரிய முறையில் திருப்பிக் கொடு என்ற அயாவ்க் இதற்குள் இருக்கிறது. மீறினால் தண்டனை கொடுப்பது யார் என்பதும் இருக்கிறது. சட்டத்தின் தரப்புகளில் மனிதர் ஒரு தரப்பு மட்டுமே. மீனும் ஆடும் மறு தரப்பு, அவற்றோடும் உடன்படிக்கை உண்டு. அந்த உடன்படிக்கை தன் நிலத்தில் மீறப்படாமல் பார்த்துக்கொள்வது தலைவரின் பொறுப்பு. பருவத்தின் முதல் சால்மனை வரவேற்று, முறையாக அறுத்து, எலும்பைத் திருப்பிச் சேர்க்கும் சடங்கு இந்தப் பொறுப்பில் சேர்ந்ததே.

"வாய்மொழியை எவ்வளவு நம்பலாம்?" என்று அடுத்த கேள்வி வரும். வடக்கேயிருந்து வந்த டிலிங்கிட் மக்களின் தாக்குதலால் முன்னோர் கரையோர ஊர்களைக் கைவிட்டுப் பின்வாங்கியதாகவும், பிறகு ஒன்றுகூடித் திரும்பிவந்து மீட்டதாகவும் சிம்ஷியன் அதாவ்க்குகள் சொல்கின்றன. பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகப் பகுதியின் பழைய குடியிருப்புகளில் எடுத்த ஏராளமான கரிமக் காலக்கணிப்புகளை இந்த வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குடியிருப்பு சரிந்து மீண்டும் எழுந்த தடம் வாய்மொழி வரலாற்றோடு முரண்படாமல் பொருந்தியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான நினைவு அது.

இனி, இந்தச் சட்டம் யாரை எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்போம். நான்கு குலங்கள்: கன்ஹாடா (காக்கை), கிஸ்புட்வாடா (திமிங்கில வேட்டைக்காரனான ஓர்க்கா), லாக்ஸ்கீக் (கழுகு), லாக்கிபூ (ஓநாய்). குலம் தாய்வழியே வரும். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. எத்தனை தூரத்து ஊராக இருந்தாலும், முன்பின் பார்த்தே இராதவர்களாக இருந்தாலும், இருவரும் கழுகு என்றால் உடன்பிறப்புகள்தான்.

ஆனால் நிலம் குலத்தின் கையில் இல்லை, ஊரின் கையிலும் இல்லை. அது 'வாப்' கையில் இருக்கிறது. வாப் என்றால் வீடு. தேவதாரு மரத்தில் கட்டிய பெரிய மரவீடும் வாப்தான், ஒரே தாய்வழியில் வந்து அதோடு கட்டுண்ட ஆட்களும் வாப்தான். இந்த ஓடை, அந்த ஹாலிபட் மீன்திட்டு, இந்தச் சரிவில் பழம் பறிக்கும் இடம், அந்தப் பாறையில் சீல் வேட்டை என்று ஒவ்வொன்றும் ஒரு வாப்பின் பெயரில் இருந்தது. வீட்டின் தலைவர் ஸ்மொய்கிட். அவர் பெயரும் நிலமும் அவர் மகனுக்குப் போகாது. மகன் வேறு வீட்டுப் பிள்ளை, தாயின் வீட்டுப் பிள்ளை. தம்பிக்குப் போகும், இல்லையென்றால் சகோதரியின் மகனுக்குப் போகும். நம்மிடம் இதற்கு மருமக்கள்தாயம் என்ற சொல் இருப்பதால் தமிழ் வாசகருக்கு இது புரிவதில் சிரமம் இராது. சரியான ஆண் வாரிசு இல்லாதபோது பெண்களும் அந்தப் பெயரை ஏற்றிருக்கிறார்கள். யார் தகுதியானவர் என்று முடிவு செய்வதில் வீட்டின் மூத்த பெண்களின் சொல்லுக்கு எப்போதும் எடை உண்டு.

இதற்கு வில்லியம் பேனன் நல்ல உதாரணம். 1888-இல் விக்டோரியா நகரில் பிறந்தவர். தகப்பனார் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன், தாயார் ஓநாய்க் குலத்துப் பெண். ஆறு சகோதரர்களில் தாயின் மொழியை நன்றாகக் கற்றவர் இவர் ஒருவர்தான். 1913-இல் தாய்மாமன் இறந்தபோது இறுதிக் காரியங்களை நடத்தப் போர்ட் சிம்ப்சன் வந்தார். இன்றைய லாக்ஸ் குவாலாம்ஸ் அதுதான். வந்தவர் திரும்பவில்லை. மாமனின் பெயரான குவிஸ்காயின் என்பதை ஏற்று, பல வீடுகள் சேர்ந்த கிட்லான் குழுவில் அந்த இடத்தில் உட்கார்ந்தார். வேல்ஸ்காரத் தகப்பன் என்பது அந்த உரிமைக்குக் குறுக்கே வரவே இல்லை, வருவது தாய்வழி மட்டும்தானே. 1958-இல் இறக்கும்வரை பெரியவர்களின் வாயிலிருந்து அதாவ்க்குகளை ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதிவைத்தார். இன்று சிம்ஷியன் சட்டத்தைப் பற்றி யார் எதை எழுதினாலும் அந்த மனிதரின் உழைப்பின்மேல் நின்றுதான் எழுதுகிறார்கள், நானும்தான்.

அப்படியானால் தகப்பன் வீட்டாருக்கு ஒன்றும் இல்லையா? இந்த ஏற்பாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. பிள்ளை பிறந்தால், பெயர் வைத்தால், இறந்தால் கையால் செய்ய வேண்டிய வேலைகளைத் தகப்பன் குலத்தார் செய்ய வேண்டும். இறந்தவரின் உடலைத் தயார்செய்வது, பெட்டி செய்வது, அடக்கம் செய்வது எல்லாம் அவர்கள் கடமை. துக்கத்தில் இருக்கும் வீட்டார் அந்த வேலையைத் தொடக்கூடாது. ஆனால் பிறகு ஒரு நாள் விருந்து வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, சபை பார்க்க அந்தக் கடனை அடைக்க வேண்டும். ஒரே குலத்துக்குள் கல்யாணம் இல்லை என்பதால் எந்த வீடும் தன் சாவைத் தானே சுமக்க முடியாது. எதிர் குலத்தின் தோள் வேண்டும். இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த விருந்துதான் 'யாவ்க்'. வெளியுலகம் அதைப் பாட்லாட்ச் என்று அறியும். சட்டத்தின் எந்திரம் முழுவதும் அங்கேதான் ஓடியது. ஒரு தலைவர் இறந்துவிட்டார், மருமகன் பெயரை ஏற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்து வைக்கும் வீட்டார் மற்றக் குலத்துத் தலைவர்களை அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உட்காரும் இடம் உண்டு. ஒருவரை ஓர் இடம் தள்ளி உட்காரவைத்துவிட்டாலே அது அவமானம், அதற்கே தனியாக ஈடு கட்ட வேண்டிவரும். வீட்டு ஆட்களும் உறவினரும் ஒவ்வொருவராக வந்து பங்கைப் போடுகிறார்கள். முன்பு போர்வை, தோல், பெட்டி, எண்ணெய். பிற்காலத்தில் ரூபாய் நோட்டுப்போல டாலர் நோட்டு. யார் எவ்வளவு என்று உரக்க அறிவிக்கப்படும். பிறகு அதாவ்க் சொல்லப்படும். பெயர் எங்கிருந்து வந்தது, அதோடு எந்த ஆறு சேர்ந்தது, எந்தச் சின்னம் சேர்ந்தது என்று. விருந்தாளித் தலைவர்கள் கேட்கிறார்கள். தவறு இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். இறுதிச்சடங்குக் கடன் தீர்க்கப்படுகிறது. அதன்பின் வந்தவர்கள் அனைவருக்கும் தகுதிக்கேற்பப் பொருள் கொடுக்கப்படுகிறது. வந்தவர்கள் எழுந்து பதில் பேசுகிறார்கள், புதிய ஆளை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள்.

கொடுத்த பொருள் என்ன? பலரும் தானம் என்றோ ஆடம்பரம் என்றோ எழுதிவிட்டார்கள். அது சாட்சிக் கூலி. வாங்கிக்கொண்டவர், "நான் பார்த்தேன், கேட்டேன், இது சரி" என்று ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. இருபது வருடம் கழித்து அந்த ஓடையைப் பற்றித் தகராறு வந்தால் அவரும் அவர் வாரிசும் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எதிர் குலத்தைச் சேர்ந்த, தங்களுக்கென்று தனி நலன் உள்ள நூறு பேரின் நினைவில் ஒரே செய்தியைப் பதித்துவைப்பதைவிடப் பாதுகாப்பான பதிவு அலுவலகம் எழுத்தில்லாத ஊரில் வேறு என்ன இருக்க முடியும்?

தலைவரின் கை எங்கே கட்டப்படுகிறது என்பதும் இங்கே தெரிந்துவிடும். விருந்து வைக்கப் பொருள் வேண்டும், பொருள் வீட்டு ஆட்களிடமிருந்து வர வேண்டும். நிலத்தைச் சரியாகப் பங்கிடாத, ஆட்களைப் பட்டினி போட்ட, கஞ்சனான தலைவருக்கு யார் பங்கு போடுவார்கள்? பங்கு வராவிட்டால் விருந்து இல்லை, விருந்து இல்லாவிட்டால் பெயருக்கு மதிப்பு இல்லை. அவரைச் சுற்றி 'லிக்காகியெட்' எனப்படும் ஆலோசகர்களும் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அவர் எதையும் செய்துவிட முடியாது.

குற்றத்துக்கும் இதே தர்க்கம். ஒருவன் கொலை செய்தால் பொறுப்பு அவனோடு நிற்காது, வீடு முழுவதையும் சேரும். இறந்தவரின் தகுதிக்கு ஈடாகப் பொருளோ, பெயரோ, சில சமயம் நிலமோ கொடுத்துத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் பழிக்குப் பழி. தீர்ந்தால் கழுகின் மென்தூவியைச் சபையில் பறக்கவிடுவார்கள். வெள்ளைத் தூவி எல்லார் தலையிலும் தோளிலும் வந்து படியும். அது படிந்தபிறகு கை ஓங்குவது பெருங்குற்றம். அவமானத்துக்கும் தீர்வு விருந்துதான். படகு கவிழ்ந்து எல்லார் முன்னாலும் விழுந்த தலைவரோ எதிரியிடம் சிறைப்பட்டு மீண்டவரோ விருந்து வைத்து அந்த மாசைக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு அதை யாரும் வாயில் எடுக்கக்கூடாது.

இதை எழுதும்போது ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. இந்தச் சமூகத்தில் அடிமைகள் இருந்தார்கள். போரில் பிடிபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். பெயர் இல்லாதவர், வீடு இல்லாதவர் என்பதால் சபையில் அவர்களுக்கு இடமே இல்லை. பெயர்தான் சட்டத்தில் ஓர் ஆளை ஆளாக்குகிறது என்றால், பெயர் பறிபோனவருக்கு என்ன கதி என்பதையும் அதே சட்டத்தில்தான் படிக்க வேண்டும்.

பிறகு வெள்ளையர் வந்தார்கள். 1832-இல் கிஸ்பக்லோட்ஸ் குழுவின் பெருந்தலைவர் லிகேக்கின் மகள், தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் மருத்துவர் ஜான் கென்னடியை மணந்தார். 1834-இல் கம்பெனி கோட்டையை அந்தக் குழுவின் நிலத்துக்கே மாற்றியது. ஒரு வீட்டார் தங்கள் நிலத்தில் இன்னொரு வீட்டாரைக் கல்யாண உறவால் உட்காரவைக்கும் பழைய முறைதான் அது. கம்பெனி அதை அப்படிப் புரிந்துகொண்டதா என்பது வேறு. 1862-இல் கிறிஸ்தவ மதப்பிரசாரகர் வில்லியம் டங்கன் மெட்லகட்லாவில் தனி ஊர் அமைத்து, பாட்லாட்ச்சை விடுவது உள்ளிட்ட விதிகளைப் போட்டார். 1885 முதல் கனடா அரசே பாட்லாட்ச்சைக் குற்றமாக்கியது. தடை 1951-இல்தான் சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கியது. அரசு ஒரு கொண்டாட்டத்தை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டது. உண்மையில் ஒரு மக்களின் பத்திரப் பதிவு, வாரிசுச் சான்று, நீதிமன்றம் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் பூட்டியது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

1887-இல் சிம்ஷியன் பிரதிநிதிகளும் அண்டை மக்களான நிஸ்காவின் பிரதிநிதிகளும் விக்டோரியாவுக்கே போய் மாகாண முதலமைச்சர் வில்லியம் ஸ்மைத்திடம் ஒப்பந்தமும் சுயாட்சியும் கேட்டார்கள். வெள்ளையர் வந்தபோது நீங்கள் காட்டு மிருகங்களைவிடச் சற்றே மேலானவர்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. ஆனாலும் விருந்துகள் முழுதாக நிற்கவில்லை. தடை அமலில் இருந்த 1945-இலேயே, மேல் ஸ்கீனாவில் கிட்செகுக்லா என்ற கிட்க்ஸன் ஊரில் ஐந்து கம்பங்கள் நாட்டப்பட்டன. பேனன் விருந்தாளித் தலைவராகப் போயிருந்தார், இரவெல்லாம் கண்டதை எழுதிவைத்தார்.

நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் கேட்க நேர்ந்தது அதே கிட்க்ஸன் மக்களால்தான். மொழியிலும் வீட்டு அமைப்பிலும் சிம்ஷியனின் நெருங்கிய உறவினர் அவர்கள். அண்டையரான வெட்சுவெட்டன் மக்களோடு சேர்ந்து, நில உரிமை கேட்டுத் தொடுத்த டெல்கமூக் வழக்கு 1987-இல் விசாரணைக்கு வந்து 374 நாள் நடந்தது. மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தன் வீட்டின் பாடலைப் பாடிக்காட்ட முனைந்தார். அந்தப் பாடல்தான் உரிமைச் சான்று. நீதிபதியோ, தனக்குச் சங்கீதக் காது கிடையாது, பாடிப் பயனில்லை என்றார். 1991-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. 1997 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்று சொல்லிப் புது விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் பாட்டை அவர் எப்படியோ பாடிவிட்டார் என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

இப்போது என்ன நிலை என்று கேட்டால், இரண்டு ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. 1876-இன் இந்தியர் சட்டத்தில் வேர்கொண்ட, வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஊர்க் கவுன்சில் ஒன்று. பெயர் ஏற்ற ஸ்மொய்கிட்டுகள் இன்னொன்று. மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம் ஸ்கீனா முகத்துவாரத்தில் லேலு தீவில் இயற்கை எரிவாயு ஏற்றுமதி நிலையம் கட்ட வந்தபோது இந்த இரட்டை நிலை வெளியே வந்தது. லாக்ஸ் குவாலாம்ஸ் மக்களுக்கு 40 வருடங்களில் சுமார் 115 கோடி கனடா டாலர் தருவதாகப் பேச்சு. தீவையொட்டிய ஃப்ளோரா திட்டின் கடற்புல்லில்தான் ஸ்கீனாவின் சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போகுமுன் தங்கி வளரும். 2015 மே மாதம் ஊர்க்கூட்டத்தில், வேண்டாம் என்பவர்கள் எழுந்து நிற்கச் சொன்னபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அடுத்த ஆண்டு புதிய கவுன்சில் நிபந்தனைகளோடு ஆதரவு என்ற நிலைக்கு வந்தது. கிட்வில்கியோட்ஸ் குழுவைச் சேர்ந்த பாரம்பரியத் தரப்பினர், அந்தத் தீவு எங்கள் நிலம், அதைப் பற்றிப் பேச கவுன்சிலுக்கு உரிமையில்லை என்று தீவிலேயே முகாம் போட்டார்கள். வழக்கும் வந்தது. 2017 ஜூலையில், சந்தை நிலவரம் சரியில்லை என்று சொல்லி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அந்தத் தீவுக்காகப் பேசும் பெயர் யாருடையது என்ற கேள்வியை அந்த முடிவு தீர்த்துவைக்கவில்லை. அதைத் தீர்க்கும் இடம் ஒரு யாவ்க்தான், கூலி வாங்கிய சாட்சிகள் உட்கார்ந்திருக்கும் சபைதான் என்பது அங்குள்ள பலரின் நிலைப்பாடு. என் நிலைப்பாடும் அதுவே.